தேவதைக் கதைப் படநூல்: எந்தக் குழந்தைக்கு எது?

கீழ்வேளூரிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் காய்ச்சல், சோறு, எடை, தூக்கம் ஆகியவற்றைப் பற்றி நிறையக் கேட்கின்றனர். அண்மைக் காலமாக மற்றொரு கேள்வியும் அடிக்கடி எழுகிறது. "கைப்பேசியைக் கொடுக்க வேண்டாம் என்கிறீர்கள், டாக்டர், அதற்குப் பதிலாக எதைத்தான் கொடுப்பது?" படக்கதைப் புத்தகத்தைக் கொடுங்கள், உடனிருந்து படித்துக் காட்டுங்கள் என்பதே எங்கள் விடை.

இது எங்களுடைய சொந்த விருப்பம் மட்டுமன்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக நல நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும், குழந்தை அமர்ந்திருக்கும் வேளையில் பெரியவர் ஒருவர் உடனிருந்து படித்துக் காட்டுவதும் கதை சொல்வதும் நல்லது என்றும் அது கூறுகிறது.

ஆனால் புத்தகக் கடைக்குப் போனால் அடுத்த குழப்பம் தொடங்குகிறது. நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் கடைகளில் பளபளக்கும் அட்டையோடு தேவதைகளும் இளவரசிகளும் சூனியக்காரிகளும் அரக்கர்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றனர். எல்லாப் படங்களும் அழகாகவே தோன்றுகின்றன. எனினும், அவற்றுள் ஒரு நூல் குழந்தையை அமைதியாக உறங்க வைக்கும். மற்றொன்று பல இரவுகள் அலற வைக்கும். வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தை கதையை எவ்வாறு நம்புகிறது?

சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ஜான் பியாஜே, ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஏழு வயது வரையுள்ள பருவத்தைத் தனிப் பருவமாகக் கொண்டார். இப்பருவத்தில் குழந்தை காரண காரியங்களை நம்மைப் போல் தொடர்புபடுத்துவதில்லை. தான் மனத்தில் நினைத்தது வெளியிலும் நடக்கும் என்றும், இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தால் முதலாவதே இரண்டாவதற்குக் காரணம் என்றும் கருதும். "தம்பியைக் கிள்ளினேன், அதனால்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது" என்று நான்கு வயதுக் குழந்தை உண்மையாகவே நம்பக்கூடும். நோயைத் தண்டனையாகக் கருதும் இந்த எண்ணம், மருத்துவமனைக்கு வரும் சிறு குழந்தைகளிடம் பொதுவாகக் காணப்படுவதே.

தேவதைக் கதை இந்த மனத்திற்கு மிகவும் நெருக்கமானது. மந்திரக் கோல் அசைந்தால் பூசணிக்காய் தேராகிறது; ஒரு சாபச் சொல்லால் இளவரசன் தவளையாகிறான். ஆகவேதான் குழந்தைகள் இக்கதைகளில் மூழ்கிப்போகின்றனர். அதே காரணத்தால்தான் தேர்விலும் கவனம் தேவைப்படுகிறது. "சொல் பேச்சுக் கேட்காததால் அவளுக்குக் கண் தெரியாமல் போயிற்று" என்று முடியும் கதையை நாம் நீதிக்கதையாகப் படிக்கிறோம். கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் குழந்தை அதைத் தன்மீது சுமத்தப்பட்ட குற்றமாகக் கேட்கிறது.

எனவே எங்கள் முதல் அறிவுரை இதுவே: நோய், ஊனம், அழகின்மை ஆகியவற்றைத் தவற்றுக்குக் கிடைத்த தண்டனையாகக் காட்டும் நூலைச் சிறு குழந்தைக்கு வாங்காதீர்கள். துன்பம் யாருடைய தவறுமின்றி வந்து, துணை ஒன்று கிடைத்து, இறுதியில் தீரும் கதையைத் தேடுங்கள்.

நம் மண்ணில் தோன்றிய ஒரு விதி

நூல் தேர்வைப் பற்றிய மிகத் தெளிவான சொல் நம் காவிரிப் படுகையைச் சேர்ந்த ஒருவரிடமிருந்தே உலகுக்குச் சென்றது. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் 1892-இல் சீர்காழிப் பகுதியில் பிறந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் இரண்டு நமக்கு இங்கே பயன்படுகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

அதே 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. அதனை உருவாக்கியவர் பொறியாளர் எஸ். வி. கனகசபை பிள்ளை, தொடங்கி வைத்தவர் இரங்கநாதன். நூலகத்தைத் தேடி வர இயலாத கிராமத்தாரைத் தேடி நூல்கள் சென்றன.

இவ்விதிகளைப் பெற்றோர் தம் வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். "நல்ல புத்தகம் எது?" என்று கேட்பதைவிட, "என் குழந்தைக்கு, இந்த வயதில், இந்த வாரத்தில் உரிய புத்தகம் எது?" என்று கேட்பதே பயன் தரும். மூத்த மகளுக்கு மிகவும் பிடித்த கதை இளைய மகனை அச்சுறுத்தலாம். நலமாக இருந்தபோது சிரித்துக்கொண்டே கேட்ட கதை, நோயுற்றிருக்கும்போது அழ வைக்கலாம்.

தடுப்பூசி அட்டையோடு ஒரு புத்தகக் கணக்கு

1989-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். பரிசோதனைக்கு வரும் குழந்தையின் கையில் வயதுக்கேற்ற ஒரு புத்தகத்தைக் கொடுத்து, அதைப் படித்துக் காட்டும் முறையையும் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினர். நம் பெற்றோர் தடுப்பூசி நாள்களை மறப்பதில்லை. அந்நாள்களையே புத்தகத்துக்கும் அடையாளமாகக் கொள்ளலாம்.

ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளின் காலத்தில் குழந்தைக்குக் கதை வேண்டியதில்லை. உங்கள் குரலே போதும். பிறந்த குழந்தையால் ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் இருப்பதைத்தான் ஓரளவு தெளிவாகக் காண முடியும். கறுப்பு வெள்ளையில் அமைந்த பெரிய உருவங்கள் இப்பருவத்துக்கு ஏற்றவை.

ஒன்பதாவது மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட வரும்போது குழந்தை எதையும் வாயில் வைக்கும். புத்தகத்தையும் கடிக்கும், அது இயல்பே. கெட்டி அட்டையாலான சிறிய புத்தகம் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு படம் இருந்தால் போதும். யானை, நிலா, கிளி, பானை எனப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். தேவதையும் அரக்கனும் இப்போது வேண்டாம்.

பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் அடுத்த தடுப்பூசிகள் வருகின்றன. இப்போது குழந்தை தானே பக்கம் திருப்பும். படத்தைச் சுட்டிக் காட்டும். ஒரே புத்தகத்தைப் பத்து முறை கேட்கும். சலிப்படையாதீர்கள். அடுத்து வருவது இன்னதென்று முன்கூட்டியே தெரிவதில்தான் அதன் மகிழ்ச்சி இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரே சொற்றொடரைக் கொண்ட கதைகள் இவ்வயதுக்குப் பொருந்தும்.

மூன்று வயதில் மெல்லிய மாயம் நுழையலாம். பேசும் எறும்பு, பறக்கும் பாய், நிலாவில் குடியிருக்கும் முயல் ஆகியவை போதுமானவை. அச்சம் மிகுந்திருக்கும் பருவம் இது. இருட்டும் முகமூடியும் பெரிய ஓசையும் குழந்தையை நடுங்கச் செய்யும். பல்லைக் காட்டும் அரக்கன் பக்கம் முழுதும் நிறைந்திருக்கும் நூலைத் தள்ளி வையுங்கள்.

ஐந்து வயதையொட்டித் தடுப்பூசி போட வரும் குழந்தை, முழுமையான தேவதைக் கதைக்கு ஆயத்தமாகியிருக்கும். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியின் உடலுக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கனின் கதையைக் கூட அதனால் ஏற்க முடியும். "இது நிசமா?" என்று அது கேட்கத் தொடங்குவதே அந்த ஆயத்தத்தின் அறிகுறி. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இதழில் தலைமுறை தலைமுறையாக நாம் படித்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் கழித்துக் கொடுக்கலாம். முருங்கை மரத்தில் தொங்கும் பிணம் பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சுவை. மூன்று வயதுக் குழந்தைக்கு அச்சமே.

வாங்குமுன் நான்கு கேள்விகள்

அட்டையைப் பார்த்து வாங்காமல், கடையில் நின்றபடியே நூலை இறுதிப் பக்கம் வரை படியுங்கள். படநூல் முழுவதையும் படிக்க ஐந்து நிமிடங்கள் போதும். படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: அச்சம் எப்போது தீர்கிறது? நல்ல கதையில் அச்சம் இருக்கலாம். ஆனால் அதே அமர்வில், கண்ணுக்குத் தெரியும் வகையில் அது தீர வேண்டும். இறுதிப் படத்தில் குழந்தை வீட்டில் பாதுகாப்பாக இருப்பதைக் காண முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது: தீயவர் எந்தத் தோற்றத்தில் வருகிறார்? வெண்ணிறத்தவரெல்லாம் நல்லவர், கருநிறத்தவரெல்லாம் கொடியவர் என்று வரைந்த நூல்கள் ஏராளம். கூன் முதுகும், நொண்டும் காலும், ஒற்றைக் கண்ணும் தீமையின் அடையாளங்களாகவே காட்டப்படுகின்றன. வெயிலில் விளையாடும் நம் ஊர்ப் பிள்ளைகளும், காலில் கட்டுடன் எங்கள் பிரிவில் படுத்திருக்கும் பிள்ளைகளும் அப்படங்களில் தம்மையே தேடுவார்கள் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது: படம் தானாகக் கதை சொல்கிறதா? எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கதை ஓரளவு விளங்கினால் அது நல்ல படநூல். குழந்தை எழுத்தைப் படிப்பதில்லை; படத்தைத்தான் படிக்கிறது.

நான்காவது: வாய்விட்டுப் படித்தால் காதுக்கு இனிமையாக இருக்கிறதா? மொழிபெயர்ப்பு நூல்கள் சிலவற்றில் வாக்கியம் கல்லைப் போல் இடறும். உங்களுக்கு நாக்குப் புரளாத நூலை நீங்கள் இரண்டாம் முறை எடுக்கமாட்டீர்கள்.

பழைய கதையாயிற்றே, அதை மாற்றலாமா என்று சிலர் தயங்குகின்றனர். கதைகள் எப்போதும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதற்பதிப்பில், வெண்பனி இளவரசியைக் கொல்ல முயல்பவள் அவளைப் பெற்ற தாயே. குழந்தைகள் படிப்பார்கள் என்று உணர்ந்தபின், அவளைச் சிற்றன்னையாக அவர்களே மாற்றினர். ஏழு பிள்ளைகளைத் தாயே கிணற்றில் தள்ளும் நல்லதங்காள் கதை நம் நாட்டுப்புற மரபில் ஆழ்ந்த இடம் பெற்றது. அது பெரியவர்களின் துயரத்துக்கான கதை. ஐந்து வயதுக் குழந்தையின் தலைமாட்டுக்கு உரியதன்று. கதையைச் சுருக்கவும், ஒரு பக்கத்தைத் தாண்டிச் செல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சிற்றன்னை உள்ள குடும்பங்களில் சிற்றன்னையைக் கொடியவளாகக் காட்டும் கதைகளைத் தவிர்ப்பது நலம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக் கட்டிலுக்கு எந்தக் கதை?

உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு நூல் கொண்டுவரும் உறவினர்கள் சற்றுக் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். குழந்தையின் மனத்தில் ஏற்கெனவே ஓர் அச்சம் குடியிருக்கிறது. கதை அந்த அச்சத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

மறுநாள் அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து பெறவிருக்கும் குழந்தைக்கு, நூறாண்டு உறங்கிய இளவரசியின் கதை வேண்டாம். "தூங்க வைப்போம்" என்று நாங்கள் சொல்வதை அக்கதையோடு சேர்த்துக் குழந்தை அஞ்சும். மருந்து குடிக்க மறுக்கும் குழந்தைக்கு, நஞ்சு தோய்ந்த ஆப்பிளும் சூனியக்காரியின் கசாயமும் வரும் கதை வேண்டாம். நடவுக் காலத்தில் தாய் வயலுக்குச் சென்றுவிட, அப்பாயியோ அம்மாச்சியோ துணையிருக்கும் குழந்தைக்கு, பெற்றோர் காட்டில் விட்டுச் சென்ற அண்ணன் தங்கை கதை வேண்டாம். வீட்டில் அண்மையில் இறப்பு நேர்ந்திருந்தால், ஓநாய் பாட்டியை விழுங்கும் கதையைச் சிறிது காலம் ஒத்தி வையுங்கள்.

மாறாக, சிறியவன் ஒருவன் கடினமான வழியைத் துணையுடன் கடந்து வீடு திரும்பும் கதைகள் நன்கு பயன்படுகின்றன. எறும்பு உதவுகிறது, குருவி வழி காட்டுகிறது, ஆறு விலகி நிற்கிறது, பயணம் முடிகிறது. ஊசி போடும் முன் படித்த அதே கதையை ஊசி போட்ட பின்னும் தொடருங்கள். கதை அறுந்துபோகவில்லை என்பதே குழந்தைக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு வேண்டுகோள். "சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று எங்களைக் கதையின் பூச்சாண்டியாக்காதீர்கள். அந்தப் பூச்சாண்டியின் கையில்தான் மறுநாள் குழந்தையை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

நூலே ஊறு செய்யாதிருக்க

பொத்தானை அழுத்தினால் பாடும் புத்தகங்கள் இப்போது மிகுதியாக விற்கின்றன. அவற்றுள் பலவற்றில் சட்டைப் பொத்தான் அளவிலான தட்டை பேட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடும் புண் உண்டாகும். பேட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அந்நூலை வாங்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் தோன்றினாலே போதும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு ஸ்டேப்ளர் பின் வைத்துத் தைத்த நூலும், ஒட்டிய மணிகளும் மினுக்குத் தூளும் உள்ள நூலும் உகந்தவையல்ல. மருத்துவமனையில் வழவழப்பான கெட்டி அட்டைப் புத்தகங்களே நல்லவை. அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்யலாம். சின்னம்மை, தட்டம்மை போன்ற தொற்று நோயுள்ள குழந்தை பயன்படுத்தும் நூலை அடுத்த கட்டிலுக்குக் கொடுக்க வேண்டாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்குப் புதிய நூலோ, துடைக்கத்தக்க நூலோ கொண்டுவருமுன் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவின்றியும் கிடைக்கும்

நல்ல படநூல் விலை மிகுந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், குழந்தைகளுக்கான படநூல்களைத் தமிழில் குறைந்த விலையில் வெளியிடுகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழிலும், இரு மொழிகளிலும் படநூல்களைக் கொண்டுவருகிறது. நம் நாட்டுப் பழங்குடி ஓவியர்களின் கைவண்ணத்தைக் காண விரும்புவோர், சென்னையின் தாரா பதிப்பக நூல்களைப் பார்க்கலாம். பொன்முடி தரித்த இளவரசி இல்லாமலேயே ஒரு பக்கம் மாயமாக இருக்க முடியும் என்பதை அப்படங்கள் காட்டும்.

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில், தமிழ்ப் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. படிக்கும் திறனுக்கேற்ப அவை நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கைப்பேசியில் படிக்க நேர்ந்தால் குழந்தையிடம் கொடுத்துவிடாமல், நீங்கள் பிடித்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள். இயன்றால் அச்செடுத்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராவது எல்லாவற்றிலும் எளிது. ஒரு நூலைக் குழந்தை விரும்பவில்லையெனில் இழப்பின்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சொல்லும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் ஒரு சொல். படநூலுக்கு எழுத்தறிவு கட்டாயமன்று. சொற்களே இல்லாத படநூல்களும் உள்ளன. படத்தைக் காட்டி, நம் ஊர்ப் பேச்சிலேயே கதை சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவர்களும், நூலின் செந்தமிழ் வாக்கியத்தை ஒரு முறை படித்துவிட்டு, வீட்டுப் பேச்சில் மறுபடியும் சொல்வது நல்லது. இரு தமிழும் குழந்தையின் காதில் பழகும்.

படிக்கும்போது கவனியுங்கள்

புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பத்து நிமிடங்களில் எங்கள் பரிசோதனை அறையில் தெரியாத பலவும் உங்களுக்குத் தெரியவரும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, பதினெட்டு மாதங்களாகியும் படத்தைச் சுட்டிக் காட்டாமல் இருப்பது, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமல் இருப்பது, நூலைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோவது, மாறுகண் தெரிவது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திராதீர்கள். காது, கண், வளர்ச்சி ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; விரைவில் கண்டறிந்தால் செய்யக்கூடியவை பல.

ஒரு கதையைக் கேட்டபின் சில இரவுகள் குழந்தை கலங்கினால், அந்நூலை எடுத்து வைத்துவிட்டு மடியில் அமர்த்திப் பேசினாலே பெரும்பாலும் போதும். அச்சம் வாரக்கணக்கில் நீடித்து, உணவும் உறக்கமும் குறைந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது தடுப்பூசி அட்டையுடன் குழந்தைக்குப் பிடித்த புத்தகம் ஒன்றையும் பையில் எடுத்து வாருங்கள். காத்திருக்கும் வேளையில் படித்துக் காட்டுங்கள். உங்கள் முறை வந்ததும் அதை மூடிவிட வேண்டாம். எங்கள் முன்னிலையிலும் குழந்தை அதைப் புரட்டட்டும். நாங்களும் பார்க்கிறோம்.